கோடியக்கரை: உப்பும் பறவையும்

கோடியக்கரை என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பூங்குழலியும் அவளுடைய படகும்தான் வரும். பக்தி உள்ளவர்களுக்குக் குழகர் கோயில். சுதந்திரப் போராட்ட வரலாறு படித்தவர்களுக்குப் பக்கத்திலிருக்கும் வேதாரண்யமும் ராஜாஜியும். பறவைப் பிரியர்களுக்குப் பூநாரை. இவ்வளவும் ஒரே இடம்தான் என்பது பலருக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. பள்ளியில் தமிழ், வரலாறு, விலங்கியல் என்று தனித்தனிப் பீரியடில் படித்ததாலோ என்னவோ!

இந்தக் கட்டுரையில் அவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நான் படிப்பது பி.காம். எனவே கொஞ்சம் கணக்குப் புத்தி எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே சதுப்பு நிலத்தை ஆயிரத்துச் சொச்சம் வருடங்களாக ஒவ்வொருவரும் எப்படிக் கணக்கு எழுதினார்கள், யார் எதை எழுத மறந்தார்கள் என்பதுதான் நம் விஷயம்.

எங்கே இருக்கிறது இந்த இடம்?

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலோரமாக நேராகத் தெற்கே இறங்கி வரும் கரை, நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைசியில் திடீரென்று மேற்கே மடங்குகிறது. அந்த முழங்கை முனைதான் கோடியக்கரை. கோடி என்றால் கடைசி. பெயரிலேயே முகவரி இருக்கிறது.

முனையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரை, பாக் நீரிணையை ஒட்டி, கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர் நீளத்துக்குச் சதுப்பு நிலம் கிடக்கிறது. நடுவில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. மழைக்காலத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர், கோடையில் வெடித்த சேறும் உப்புப் பொருக்கும். முனையில் மணல் மேட்டின்மீது வறண்ட பசுமைமாறாக் காடு. அதற்குள் வெளிமான், மட்டக்குதிரைகள். இத்தனை வகை நிலம் பக்கம்பக்கமாக இருப்பதால்தான் 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

ஆந்தை அலறிய கோயில்

இந்த இடத்தைப் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்று தேவாரத்தில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் சுந்தரர் கோடிக்குழகரைப் பாடியிருக்கிறார். அந்தப் பதிகம் ஒரு வினோதமான பதிகம். ஊரே இல்லாத கடற்கரையில், காற்று வீசியடிக்கும் இடத்தில், ஆந்தையும் கூகையும் குழறும் காட்டில், துணையில்லாமல் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று சுவாமியிடம் வருத்தப்படுகிறார். புகழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம்.

இதைப் பக்தி என்று மட்டும் படித்தால் ஒரு விஷயம் தப்பிப் போகும். பறவைகளோடு சேர்த்து எழுதப்பட்ட நில வர்ணனை அது. அன்றும் இது மனிதர்கள் கூட்டமாகக் குடியேறாத, காடும் கடலும் முட்டிக்கொள்ளும் இடமாகத்தான் இருந்திருக்கிறது.

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் சொல்லும் செங்கல் கட்டடம் ஒன்று கடலோரத்தில் நின்றது. கல்கி 1950-லிருந்து 1954 வரை தொடராக எழுதிய நாவலில் வரும் கலங்கரை விளக்கத்தைப் படித்தவர்கள் அந்த இடிபாட்டைத் தேடிப் போய்ப் பார்ப்பதுண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் அது சரிந்தது. இப்போது போனால் எச்சங்கள்தான் மிச்சம்.

உப்புக்கு ஒரு வரி

அடுத்து கணக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதாவது கடல் தண்ணீரை வெயில் காய்ச்சி உப்பாக்குகிறது, அதை அள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும்! வேதாரண்யம் போன்ற இடங்களில் சேற்றின்மேல் தானாகவே பூக்கும் உப்பை ஏழைகள் அள்ளினாலும் குற்றம்.

1930 வாக்கில் வரி ஒரு மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா. மணங்கு என்பது சுமார் 37 கிலோ. 20 அணாவை 37-ஆல் வகுத்தால் கிலோவுக்கு அரையணாவுக்குச் சற்று மேல். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பணக்காரன் சாப்பிடும் உப்பும் கூலிக்காரன் சாப்பிடும் உப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வருமானம் குறையக் குறைய வரியின் பாரம் ஏறும். மறைமுக வரியின் குறையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காந்தி ஏன் நிலவரியையோ வேறு எதையோ விட்டுவிட்டு உப்பைக் கையில் எடுத்தார் என்பதும் இதில் புரிந்துவிடும்.

காந்தி தண்டியில் உப்பெடுத்தது 1930 ஏப்ரல் 6. ஏழே நாளில், ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கிளம்பினார். தூரம் சுமார் 240 கிலோமீட்டர். ஏப்ரல் 28-ல் வேதாரண்யம். ஒரு நாளைக்குச் சராசரியாக 16 கிலோமீட்டர் நடை, அதுவும் சித்திரை வெயிலில். நாமக்கல் கவிஞர் இந்த யாத்திரைக்கென்றே எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள்.

அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று அறிவித்தார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். மரம் சோறு போட்டால் மரத்தையா பிடித்து உள்ளே போட முடியும்!

வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாடுகளுக்கும் முன்னால் நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். இன்று அங்கே நினைவுத் தூண் நிற்கிறது. வரி 1947-ல் ரத்தானது.

ஒன்றைக் கவனியுங்கள். ராஜாஜி உப்பை அள்ளியது இந்தச் சதுப்பின் ஓரத்திலேதான். அந்தப் புகழ்பெற்ற பிடி உப்பு இந்தச் சேறு விளைவித்தது. ஆனால் அரசாங்கத்தின் பேரேட்டில் இந்த நிலத்துக்கு உப்பு என்ற ஒரே தலைப்புதான் இருந்தது. அதே சேற்றில் குளிர்காலம் முழுக்க லட்சக்கணக்கில் மேயும் பறவைகளை எழுத அதில் பத்தியே கிடையாது.

கோத்தகிரியிலிருந்து கோடியக்கரைக்கு

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம். காரணம் இருக்கிறது.

சலீம் அலி (1896–1987) பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர் காமர்ஸ் படித்தவர் என்பது தெரியுமா? பர்மாவில் குடும்பத்தின் சுரங்க, மர வியாபாரத்தைக் கவனித்துவிட்டு 1917-ல் பம்பாய் திரும்பியவர், தாவர் வணிகவியல் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். பறவைமேல் மனசு, பாடம் பற்று வரவு! எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது பின்பெஞ்சிலிருந்து கைதட்டல்.

பிறகு பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசமானிடம் பறவையியல் கற்றார். 1930-ல் ஊர் திரும்பினால் பம்பாய் அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலை, பணமில்லை என்று ஒழிக்கப்பட்டிருந்தது. வேலையில்லாத அந்தக் காலத்தில் கிஹிம் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து தூக்கணாங்குருவியைக் கவனித்து எழுதிய கட்டுரைதான் அவருக்கு முதல் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதன் பிறகு சில காலம் அவர் தங்கிய இடம் எது? எங்கள் கோத்தகிரி! முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் கே.எம். அனந்தன் அழைத்து அங்கே வந்தார். லாங்வுட் சோலையை ஒட்டிய டோனிங்டனில் வசித்த கின்லாக் குடும்பத்துப் பெண்மணியின் பழக்கமும் அங்கேதான் கிடைத்தது. அவர் மூலம் பிலிகிரிரங்கன் மலையின் ஆர்.சி. மோரிஸ் அறிமுகமானார். அரவேணுவிலிருந்து டோனிங்டன் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். இந்திய வரலாறு நம் பஸ் ஸ்டாப் வழியாகப் போயிருக்கிறது என்பது படித்தால்தான் தெரிகிறது.

அதே சலீம் அலிதான் 1960-களின் தொடக்கத்தில் கோடியக்கரையின் அருமையைப் பறவையியல் உலகத்துக்குச் சொல்லி, இதைச் சரணாலயம் ஆக்கவேண்டும் என்று எழுதினார். 1967-ல் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்தது. அதில் வெளிமானைக் காப்பதும் முக்கிய நோக்கம்.

வைரஸ், ராணுவம், வளையம்

பறவைகளின் காலில் வளையம் மாட்டிய கதை தனி சுவாரசியம்.

1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் குரங்குகள் கூட்டமாகச் செத்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. கியாசனூர் காட்டு நோய் என்று பெயர் வைத்தார்கள். ஆராய்ந்தபோது ரஷ்யாவில் உண்ணி மூலம் பரவும் ஒரு மூளைக் காய்ச்சல் வைரஸுக்கு இது சொந்தம் என்று தெரிந்தது. அங்கிருந்து இங்கே எப்படி வந்திருக்கும்? சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் உடம்பில் ஒட்டிய உண்ணிகள் கொண்டு வந்தனவோ என்ற சந்தேகம் கிளம்பியது.

இதைக் கண்டுபிடிக்கப் பறவைகளின் பாதை தெரியவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. பரத்பூர், கோடியக்கரை போன்ற இடங்களில் வலை விரித்தார்கள். வளையத்தில் ஒரு எண்ணும், கழகத்துக்குத் தகவல் கொடுக்கும்படி ஒரு வரியும் இருக்கும். பறவையை அடிபடாமல் பிடிப்பது லேசான காரியமா? அதற்கு உதவியவர்கள் பீகாரின் மிர்ஷிகார்கள், பரம்பரை பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். அவர்களில் அலி ஹுசைன் என்பவர் கோடியக்கரையில் கழகத்தோடு சேர்ந்து வேலை செய்து பெயர் பெற்றார். விற்கப் பிடித்த கை, வளையம் போட்டுப் பறக்கவிடப் பிடித்தது.

பின்னாளில் இந்தத் திட்டத்துக்கு அமெரிக்க ராணுவம் சார்ந்த ஓர் அமைப்பின் பணமும் வந்தது. பனிப்போர்க் காலம் அல்லவா? நோய்க்கிருமியைப் பறவை மூலம் பரப்ப முடியுமா என்று பார்க்கிறார்களோ என்று 1974 வாக்கில் பத்திரிகைகள் கேள்வி கேட்டன. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. சதுப்பில் மேயும் ஒரு குருவியை வைத்து டெல்லியில் விசாரணை! பறவைகள்தான் அந்தக் காய்ச்சலைக் கொண்டு வந்தன என்பதற்கு உறுதியான சான்றும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த வளையங்கள் வீணாகவில்லை. 1980-களில் கழகம் கோடியக்கரையில் ஆய்வு நிலையம் வைத்துத் தொடர்ந்து வேலை செய்தது. எஸ். பாலசந்திரன் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளை இங்கேயே கழித்தார்கள். எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறதா, எவ்வளவு எடை கூடிக் கிளம்புகிறது என்ற விவரமெல்லாம் இன்று நமக்குத் தெரிவது அந்த உழைப்பால்தான். நோய்க்குப் பயந்து போட்ட முதல், அறிவாக வரவு வைக்கப்பட்டது.

ஐப்பசியில் ஒரு நாள்

இவ்வளவும் படித்த பிறகு போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஐப்பசி முதல் வாரத்தில் நாங்கள் நான்கு பேர் கோவையிலிருந்து செம்மொழி விரைவு ரயிலில் மன்னார்குடி போய், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பஸ் மாறிப் போனோம். வேதாரண்யத்தில் இரவு தங்கி, விடியற்காலை முதல் பஸ்ஸில் கோடியக்கரை. நான்கு பேருக்கு ஒரே பைனாகுலர், அதுவும் இரவல்.

மலைக்காரனுக்கு முதல் அதிர்ச்சி அந்தச் சமதளம். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு சரிவு கண்ணைத் தடுக்கும். இங்கே பார்வை முட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஏதோ கூச்சமாகக்கூட இருந்தது.

இலையுதிர் காலம் என்று ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் வருமே, அது நம் ஊரில் கிடையாது. நமக்கு அது மழை பிறக்கும் காலம். ஆனால் வடக்கே ஆர்க்டிக் ஓரத்தில் அந்தக் காலம் வந்துவிட்டதற்கு அடையாளம் இங்கே சேற்றில் ஓடிக்கொண்டிருந்தது. கொசு உள்ளான்! கையளவுகூட இல்லாத பறவை, எடை 20-லிருந்து 30 கிராம். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைவிட லேசு. ரஷ்யாவின் வட கோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, எண்ணத் தொடங்கி நானூறில் விட்டுவிட்டோம்.

உப்புக்கொத்திகள் ஓடி நின்று ஓடி நின்று இரை எடுத்தன. கோட்டான் தன் நீண்ட வளைந்த அலகை முழுசாகச் சேற்றுக்குள் இறக்கியது. ஆலாக்கள் தண்ணீர் மேல் அந்தரத்தில் நின்று விழுந்தன. வெகு தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பைனாகுலரைக் கைமாற்றிப் பார்த்தால் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் பறவை அது. அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் நாலு பேரில் இது ஒரு சாதனை.

மத்தியானம் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தின் பக்கம் நடந்தோம். சீசன் முடிந்து, உப்பு அம்பாரங்களைக் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான தொழிலாளியோடு பேசிக்கொண்டிருந்தோம். "தம்பிங்களா, எங்கேருந்து?" என்று விசாரித்தார். பறவை பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். மழை விழுந்தால் பாத்தியெல்லாம் கரைந்துவிடும், தை பிறந்து மறுபடி தண்ணீர் கட்டும் வரை தனக்கு வேலை இல்லை, அந்த மாதங்களுக்குக் கடன்தான் என்றார். பறவைகள் வருவது அந்த மாதங்களில்தான்.

எனக்கு இது மனசில் தைத்தது. மழை என்ற ஒரே வரவு, ஒருவர் ஏட்டில் நஷ்டம், இன்னொருவர் ஏட்டில் லாபம். இரண்டு பேருமே இந்தச் சேற்றை நம்பித்தான் இருக்கிறார்கள். பறவைக்காக உப்பளத்தை மூடு என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். அந்த வரப்பில் உட்கார்ந்து எழுத முடியாது.

தண்ணீர்க் கணக்கு

அப்படியானால் உண்மையான சிக்கல் எங்கே? தண்ணீரில்.

இந்தச் சதுப்பின் உயிர் கடல் நீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் விகிதத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையும், காவிரியின் கடைமடையில் வடியும் ஆறுகளும் வாய்க்கால்களும் உப்பைக் குறைக்கும்போது புழு, பூச்சி, சிறு நத்தை எல்லாம் பெருகும். உள்ளானும் உப்புக்கொத்தியும் அவற்றைத்தான் தின்கின்றன. நல்ல தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறும். ஏறிக்கொண்டே போனால் அதைத் தாங்கும் ஒருசில உயிர்கள்தான் மிஞ்சும். உப்பளப் பரப்பு பெருகுவதும் இந்த விகிதத்தை மாற்றுகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்புக்குப் பெயர்போன இடம் வேதாரண்யம். கைப்பாத்தி போட்ட சிறு உற்பத்தியாளர்களோடு, ரசாயனத் தொழிலுக்கு உப்பு எடுக்கும் பெரிய உப்பளங்களும் வந்துவிட்டன.

இந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நான் மறுபடி எங்கள் ஊருக்கு ஏற வேண்டியிருக்கிறது. அரவேணு பக்கத்தில் கேத்தரின் அருவி இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் காப்பித் தோட்டம் கொண்டு வந்த எம்.டி. காக்பர்னின் மனைவி பெயர் அது. அந்த அருவித் தண்ணீர் கல்லாற்றில் சேர்கிறது. கல்லாறு மேட்டுப்பாளையம் அருகே பவானியில் சேர்கிறது. பவானி, பவானிசாகர் அணையைக் கடந்து, பவானி ஊரில் காவிரியில் சேர்கிறது. காவிரி கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகி, மேலும் பிரிந்து, பாமணியாறு, கோரையாறு என்று முத்துப்பேட்டைப் பக்கம் சதுப்பில் வடிகிறது. எங்கள் மலையின் ஒரு சொட்டு இவ்வளவு அணை, மதகு, வயல், மோட்டார் எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக மிச்சமிருந்தால் பூநாரையின் காலை நனைக்கும்.

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, பவானிசாகர் 1955-ல். அணைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தஞ்சை விளைந்ததால்தான் நாம் சாப்பிட்டோம். ஆனால் ஒவ்வொரு வருடமும் வெள்ளக் காலத்தில் செய்தியில் ஒரு வாசகம் வரும்: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது என்று. அந்த "வீணாக" என்ற சொல்லைத்தான் நாம் யோசிக்கவேண்டும். கடலுக்குப் போகும் வழியில் அந்தத் தண்ணீர் சதுப்பின் உப்பைக் கழுவுகிறது. இறால், மீன் குஞ்சுகள் வளரும் முத்துப்பேட்டைக் காயலுக்கு உயிர் கொடுக்கிறது. கடல் நீர் உள்ளே ஏறாமல் தடுக்கிறது. இந்த வேலைக்கு யாரும் ரசீது போடுவதில்லை, அதனால் செலவாக மட்டும் தெரிகிறது. வெள்ளைக்காரனின் பேரேட்டில் பறவைக்குப் பத்தி இல்லை என்றேனே, நம் பேரேட்டில் கடைமடைக்குக் கீழே பத்தி இல்லை.

மேலே எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். நீலகிரியில் சோலைக் காட்டுக்கு நடுவே, மலை மடிப்புகளில், சதுப்புகள் இருந்தன. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும் நிலங்கள். பலவற்றை வடித்துத் தேயிலையும் காய்கறியும் போட்டோம். சுற்றிலும் கற்பூர மரமும் சீகை மரமும் நட்டோம். மிஞ்சியதில் ஒன்று லாங்வுட் சோலை. வெறும் 116 ஹெக்டேர். பக்கத்து ஊர்களுக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான். உள்ளூர் மக்கள் குழு ஒன்று பல வருடமாக வனத்துறையோடு சேர்ந்து அதைக் காவல் காத்து வந்திருக்கிறது.

ஈரநிலங்களுக்கான உலக ஒப்பந்தம் 1971 பிப்ரவரி 2-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரத்தில் கையெழுத்தானது. கோடியக்கரை 2002 ஆகஸ்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 38,500 ஹெக்டேர். இருபது வருடம் தமிழ்நாட்டின் ஒரே ராம்சார் இடம் அதுதான். 2022-லிருந்து வரிசையாகப் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று சேர்ந்து, 2025-ல் எண்ணிக்கை 20-ஐத் தொட்டது. அதில் 2024 ஜனவரியில் சேர்ந்த ஒன்று, நம் லாங்வுட் சோலை! சலீம் அலி தங்கிய கோத்தகிரியின் காடும், அவர் காப்பாற்றச் சொன்ன கோடியக்கரையும் இன்று ஒரே பட்டியலில். ஒன்று காவிரித் தண்ணீரின் மேல்முனை, இன்னொன்று கீழ்முனை. நடுவில் இருப்பது நாம் எல்லாரும்.

காப்பாற்றியவர்கள் யார்?

பட்டியலில் சேர்ந்துவிட்டால் போதுமா? போதாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தைப் புரட்டிப் போட்டபோது சரணாலயத்தின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, வெளிமான்களும் குதிரைகளும் செத்தன. தென்னையை இழந்த ஊர் மக்களின் நிலையும் அதுதான். புயலுக்குப் பட்டியல் தெரியாது.

வேடந்தாங்கல் கதை இங்கே உதவும். அந்த ஊர்க்காரர்கள் 1798-லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். பறவை இருந்தால் தங்களுக்கு லாபம் என்று தெரிந்ததால் இருநூறு வருடத்துக்கு மேலாகக் காத்தார்கள். அங்கே பறவையும் விவசாயியும் ஒரே ஏட்டில் ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

கோடியக்கரையில் அந்த ஏற்பாடு இன்னும் அமையவில்லை. உப்புத் தொழிலாளிக்கு மழை மாதங்களில் வேறு வருமானம் வேண்டும். பறவை பார்க்க வருகிறவர்களின் பணம் வேதாரண்யத்து லாட்ஜோடு நின்றுவிடாமல் அந்த வரப்பு வரை போகவேண்டும். அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் அகலப்பாதை ரயில் திரும்ப வந்திருக்கிறது, போகிறவர்களுக்கு வழி சுலபம். கடைமடைக்குக் கீழே போகும் தண்ணீருக்கும் ஒரு பங்கு என்று திட்டம் போடுகிறவர்கள் எழுதவேண்டும். இதெல்லாம் பெரிய வார்த்தைகள், ஒரு மாணவன் சொல்லி நடந்துவிடாது. ஆனால் 1930-ல் ஒரு பிடி உப்புக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று முதலில் யாரோ ஒருவர் சொல்லவேண்டியிருந்தது.

நம்மால் முடிந்ததும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை வெள்ளக் காலத்தில் தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறது என்று யாராவது சொன்னால், ஐப்பசியில் அங்கே 25 கிராம் எடையில் ஒரு விருந்தாளி காத்திருக்கிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு இரண்டு பைனாகுலராவது எடுத்துப் போங்கள்!